பதநீரைச் சுவைக்கவும் ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திசையன்விளைக்குக் கிழக்கே, தேரியின் செம்மணல் தொடங்கும் ஒரு சிற்றூரில் பிறந்து, 32 ஆண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பனைத் தொழிலைப் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளை விடாமல் படித்து வருகிறேன். மரத்திலிருந்து தவறி விழுந்தவர்கள், செங்கல் சூளைக்கு வெட்டிச் செல்லப்பட்ட மரங்கள், கள்ளுக்கு உள்ள தடையை நீக்கலாமா கூடாதா என்ற வாதங்கள் என்று பெரும்பாலும் இம்மூன்றைச் சுற்றியே அவை அமைகின்றன. இவற்றில் அடங்காத ஒன்றைப் பற்றி, பதநீரைச் சுவைத்துத் தரம் அறியும் நாக்கைப் பற்றி எழுத வேண்டும் என்று கடந்த மாசி மாதத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

என் மகள் குடும்பம் நாசிக்கில் இருக்கிறது. அங்கே போயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கங்காபூர் அணைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு வைன் ஆலைக்கு என்னையும் அழைத்துச் சென்றார்கள். முதலில் நான் மறுத்தேன். எங்கள் வீட்டில் குடி கிடையாது. எனக்குத் தெரிந்த திராட்சரசம் என்பது திருவிருந்து ஆராதனையில் உதட்டில் படும் ஒரு மடக்கு மட்டுமே. "குடிக்க வேண்டாம்மா, சும்மா முகர்ந்து பாருங்க, போதும்" என்று மருமகன் வற்புறுத்தியதால் போனேன். அன்று மாலை வரை அந்தக் கூடத்தில் கண்டவை, நான் பிறந்த மண்ணைப் பற்றி இத்தனை ஆண்டுகளாக எனக்குத் தோன்றாத ஒன்றைத் தோன்ற வைத்தன.

அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம் அது. அங்கெல்லாம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை வைன் திராட்சை பறிக்கிறார்கள். தோட்டத்தைப் பார்த்தபடி நீளமான ஒரு மரமேசை. அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றோம். ஒவ்வொருவர் முன்னும் ஐந்து கண்ணாடிக் கிண்ணங்கள்; ஒவ்வொன்றிலும் அடி நனையும் அளவுக்கே வைன். விளக்கம் சொன்ன இளம்பெண் இந்தியில் பேசினாள். என் மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். கிண்ணத்தைத் தண்டைப் பிடித்தே தூக்க வேண்டும், வயிற்றைப் பிடித்தால் கைச்சூடு ஏறிவிடும் என்றாள். வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்து நிறத்தைப் பார்க்கச் சொன்னாள், சுழற்றச் சொன்னாள், மூக்கைக் கிண்ணத்துக்குள் விட்டு முகரச் சொன்னாள், அதன் பிறகுதான் வாய்க்குக் கொண்டுபோக வேண்டுமாம். சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை வைனில் அப்போது அறுத்த புல்லின் வாடையும் குடமிளகாயின் வாடையும் தெரிகிறதா என்று கேட்டாள். தெரிந்தது. ஷிராஸ் என்ற சிவப்பு வைனில் மிளகு தெரியும் என்றாள். அதுவும் தெரிந்தது; யாரும் அதில் மிளகு போடவில்லை, அந்தத் திராட்சையின் தோலிலேயே அந்த வாசம் இருக்கிறது.

நாக்கு நனையும் அளவு மட்டும் எடுத்து, வாய்க்குள் உருட்டிப் பார்த்து, அதற்கென்று வைத்திருந்த சாடியில் துப்பிவிட்டேன். அதை யாரும் மரியாதைக் குறைவாக எண்ணவில்லை. வைனைச் சுவைத்துத் தரம் சொல்வதையே வேலையாகக் கொண்டவர்கள் எல்லாரும் துப்பத்தான் செய்வார்கள் என்று அந்தப் பெண்ணே சொன்னாள். குடிப்பது வேறு, சுவைப்பது வேறு என்று அங்கே எனக்குத் தெளிவாயிற்று.

பிறகு தோட்டத்துக்குள் அழைத்துப் போய், கொடியிலிருந்து ஒரு திராட்சையைப் பறித்து, ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கையடக்கக் கருவியின் கண்ணாடியில் அதன் சாற்றை ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொன்னாள். உள்ளே ஒரு கோடு 22-இல் நின்றது. நூறு பங்குச் சாற்றில் ஏறத்தாழ 22 பங்கு சர்க்கரை என்று பொருள். எப்போது பறிப்பது என்பதை இந்தக் கோட்டையும் நாக்கையும் சேர்த்து வைத்துத்தான் முடிவு செய்கிறார்களாம். ஒரே கொடியை இந்த மேட்டிலும் அந்தப் பள்ளத்திலும் நட்டால் இரண்டும் இரண்டு விதமான வைனைத் தரும் என்றும், அதனால்தான் புட்டியின் மேல் திராட்சை வகை, விளைந்த ஆண்டு, விளைந்த இடம் மூன்றையும் அச்சிடுகிறோம் என்றும் சொன்னாள். அவள் 'மண்' என்று சொன்ன இடத்தில் எனக்கு என் தாயார் நினைவு வந்துவிட்டது.

என் தந்தையார் பனையேறி. பருவ காலத்தில் 35 மரங்களைக் காலையும் மாலையும் ஏறி இறங்குவார். இடுப்பில் அருவாப்பெட்டி, அதற்குள் பாளையை, அதாவது பனையின் பூங்குலையைச் சீவும் அரிவாள், அதை நசுக்கும் கடிப்பு, பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் தடவும் சுண்ணாம்பு, தோளில் மரம் ஏற உதவும் முருக்குத்தடி. அவர் குடுவையில் இறக்கிக் கொண்டுவரும் பதநீரை, கருப்பட்டி காய்ச்சும் குடிசையான விடிலியில் உட்கார்ந்திருக்கும் என் தாயார் நேராகச் சட்டியில் ஊற்றியதே இல்லை. ஒவ்வொரு குடுவையிலிருந்தும் உள்ளங்கையில் கொஞ்சம் வார்த்து முகர்ந்து, நாக்கில் தொட்டுவிட்டுத்தான் ஊற்றுவார். "ஏட்டி, இதைத் தனியா வையி, இதுல சுண்ணாம்பு கூடிட்டு, பாகு கருத்துப் போவும்" என்பார். சில குடுவைகளை முகர்ந்த உடனேயே, "இது வடக்கு வரப்பு மரம்லா" என்பார். அப்பா ஆமாம் என்று தலையாட்டுவார். சுண்ணாம்பு குறைந்து லேசாகப் புளிப்பேறிய பதநீர் சட்டியில் சேர்ந்துவிட்டால், மூன்று மணி நேரம் உடங்காட்டு முள்ளை எரித்துக் காய்ச்சினாலும் பாகு இறுகாமல் சிரட்டையில் கூழாகவே நிற்கும். அன்றைய உழைப்பு முழுவதும் வீண். ஆகவே அந்த நாக்குதான் எங்கள் வீட்டின் மூலதனம். பொங்கி வழியும் நேரத்தில் ஒரே ஓர் ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டு அடக்குவதும், ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பதம் பார்ப்பதும் அவர் கையில் அத்தனை எளிதாக இருந்தன. நாசிக்கில் அந்தப் பெண் சீருடை அணிந்து செய்த வேலையை என் தாயார் புகைக்குள் உட்கார்ந்து கண் எரிய எரிய 40 ஆண்டுகள் செய்தார். அதற்கு ஒரு பெயர் உண்டு என்றோ, அதைக் கற்றுக்கொள்ள மற்றவர்கள் காசு கொடுத்து வருவார்கள் என்றோ எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஊர் திரும்பிய பிறகு பங்குனி மாதத்தில் ஒரு காலை, பக்கத்து விளையில் (தோப்பில்) இன்றும் கருப்பட்டி காய்ச்சும் சித்தி ஒருவரிடம், மூன்று மரங்களின் பதநீரை மூன்று கண்ணாடி டம்ளர்களில் ஊற்றி, எது எந்த மரம் என்று சொல்லாமல் கொடுத்தேன். அவருக்கு 70 வயது கடந்துவிட்டது. "கிளாஸு எதுக்குட்டி, மூக்கு போதும்லா" என்றார். ஒன்றை ஆண்பனை என்றார். இன்னொன்றில், நேற்று மாலை கட்டிய கலயத்தில் தடவியது பழைய சுண்ணாம்பு என்றார். மூன்றாவதைக் கொஞ்சம் வாயில் வைத்திருந்துவிட்டு, தேரி மேட்டு மரம், இதில் காய்ச்சினால் கருப்பட்டி வெளுத்து வரும் என்றார். மரம் ஏறியவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். மூன்றும் சரியாக இருந்தன.

இந்த நாக்குகள் ஒவ்வொன்றாக நம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன என்பதே என் கவலை. அதைவிடப் பெரிய கவலை, வாங்கிக் குடிப்பவர்களிடம் அந்த நாக்கு இல்லாமல் போனது. சென்ற ஐப்பசியில் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு வரும் நான்குவழிச் சாலையோரம், பனையோலை வேய்ந்த ஒரு பந்தலில் பதநீர் விற்றுக்கொண்டிருந்தார்கள். நம் பகுதியில் தை, மாசியில் பாளை சீவத் தொடங்கினால் ஆடியோடு மரம் ஓய்ந்துவிடும். ஐப்பசியில் ஏது பதநீர் என்ற வியப்பில் இறங்கி ஓர் ஓலைப்பட்டை நிறைய வாங்கினேன். வாயில் வைத்ததுமே ஓங்கி இனித்தது. விழுங்கிய பிறகு அடிநாக்கில் ஒரு கசப்பு விடாமல் நின்றது. சாக்கரின் என்ற செயற்கை இனிப்பைக் கரைத்த தண்ணீரில் பெயருக்குக் கொஞ்சம் சுண்ணாம்பும் வாசத்துக்குப் பழைய கருப்பட்டியும் சேர்த்திருக்கிறார்கள். எனக்குப் பக்கத்தில், வெளியூரிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம், இரண்டு குழந்தைகளுக்கும் அதை வாங்கிக் கொடுத்து, இயற்கையான பானம் என்று பாராட்டிக்கொண்டிருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையான பதநீர் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு யார், எங்கே, எப்போது காட்டியிருக்கிறார்கள்?

கருப்பட்டியிலும் இதே கதைதான். வெள்ளைச் சீனியைப் பாகு காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுத்த உருண்டையும், 35 மரம் ஏறி இறக்கிய பதநீரில் காய்ச்சிய உருண்டையும் கடையில் ஒரே தட்டில் கிடக்கின்றன. முதலாவது மலிவு என்பதால் அதுவே விற்கிறது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாங்கள் எல்லாரும் மகிழ்ந்தோம். ஆனால், உடைத்தால் உள்ளே மினுமினுக்காமல் மங்கலாக இருப்பதும், கடித்தால் கரகரக்காமல் கரைவதும், இனிப்புக்கு அடியில் லேசான உப்புக் கரிப்பும் புகை வாசமும் இருப்பதும்தான் நல்ல கருப்பட்டி என்று வாங்குபவருக்குத் தெரியாதவரை, அந்தக் குறியீடு அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டிய முத்திரையாக மட்டுமே நிற்கும். நாசிக் வைனுக்கும் புவிசார் குறியீடு உண்டு. அங்கே அந்த முத்திரைக்குப் பின்னால், சுவைக் கூடத்தில் நின்று கற்றுக்கொண்டு போன ஆயிரக்கணக்கானவர்களின் நாக்கு காவலாக இருக்கிறது.

இது தானாக வந்ததும் அல்ல. சாப்பிடும் திராட்சையையே பெருமளவில் பயிரிட்டுவந்த அந்த மாவட்டத்தில் வைன் தொழில் காலூன்ற, மகாராஷ்டிர அரசு 2001-ஆம் ஆண்டில் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை வகுத்து, ஆயத்தீர்வையில் சலுகை கொடுத்து, நாசிக்கை அடுத்த விஞ்சூரில் வைன் பூங்கா அமைக்க வழி செய்தது. மதுவுக்கே அப்படி ஓர் அரசு துணை நிற்க முடிந்திருக்கிறது. மது அல்லாத பதநீருக்கு நாம் செய்யத் தயங்க என்ன இருக்கிறது? பனை நம் மாநில மரம். 2021-இல் தாக்கல் செய்யப்பட்ட வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் வழங்கவும், மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்றும் அறிவித்தார்கள். மனமார வரவேற்கிறேன். ஆனால் இன்று ஊன்றிய விதை பாளை விடப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஏறுகிறவரும் காய்ச்சுகிறவரும் குடிக்கத் தெரிந்தவரும் இல்லாமல் போய்விட்டால் அந்த மரங்கள் யாருக்கு?

கள்ளைப் பற்றிய வாதத்துக்குள் நான் போகவில்லை. 1987 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் மாநிலத்தில் கள் இறக்கத் தடை இருக்கிறது. அது சரியா தவறா என்று பேசப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்வது கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கும் பதநீரைப் பற்றி மட்டுமே. பாளையிலிருந்து சொட்டும் சாறு காற்றிலுள்ள நுண்ணுயிர்களால் சில மணி நேரத்திலேயே நுரைத்துப் புளித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு அதைத் தடுத்து நிறுத்துகிறது. இந்த இரண்டையும் பிரிப்பது ஒரு விரல் சுண்ணாம்புதான். அதை அறியாத வெளியூர்க்காரர்கள் சிலர் பதநீர் குடிப்பதையே குடிப்பழக்கத்தோடு சேர்த்துப் பேசுவதையும், அதனால் பனையேறிகளின் பிள்ளைகள் பள்ளியில் தலைகுனிவதையும் நான் ஆசிரியையாக இருந்த காலத்திலேயே பார்த்திருக்கிறேன். ஒரு முறை விடிலிக்கு வந்து, சுண்ணாம்பு தடவிய கலயத்தையும் தடவாத கலயத்தையும் அடுத்தடுத்து முகர்ந்து பார்த்தவர் பிறகு அப்படிப் பேச மாட்டார்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: திசையன்விளை, சாத்தான்குளம், உடன்குடி வட்டாரத்தில், பனந்தோப்புக்குள்ளேயே பதநீர் சுவைக் கூடம் ஒன்று அமைய வேண்டும். நகரத்தில் வேண்டாம். இந்த இடத்தில்தான் நாசிக்கை அப்படியே நகலெடுக்க முடியாது. வைன் காத்திருக்கும், சில வகைகள் பீப்பாய்க்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்து இன்னும் தேறும். பதநீர் காத்திருக்காது. வெயில் ஏற ஏற அதன் குணம் மாறிக்கொண்டே வரும். அங்கே பிற்பகலில் நடந்தது இங்கே விடியற்காலையில் நடக்க வேண்டும். காலை 6 மணிக்கு மரத்தடியில் நிற்பவருக்கே, குளிர்ந்த கலயத்திலிருந்து இறங்கிய பதநீரின் உண்மையான வாசம் கிடைக்கும். திருநெல்வேலியில் தங்கும் சுற்றுலாப் பயணிகள் விடியுமுன் புறப்பட்டால் வந்துவிடலாம். திருச்செந்தூருக்கும் உவரிக்கும் மணப்பாட்டுக்கும் வருகிறவர்களுக்கு இது வழியிலேயே இருக்கிறது.

கூடம் என்றதும் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. ஓலைக் கூரை, ஒரு நீள மேசை, நல்ல தண்ணீர், சுத்தமான கண்ணாடி டம்ளர்கள் போதும். தேரி மேட்டு மரம், வரப்போர மரம், கடற்கரை ஓரத்து மரம் என்று மூன்று இடத்துப் பதநீரை, ஊர்ப் பெயரும் இறக்கிய நேரமும் எழுதி வைக்கட்டும். டம்ளரில் நிறம் பார்த்து முகர்ந்த பிறகு, கடைசியாக ஓலைப்பட்டையில் நுங்கும் போட்டு ஒரு முழுப் பட்டை கொடுக்கட்டும். பச்சை ஓலையின் வாசம் சேராமல் அது நிறைவாகாது. வெயில் ஏறியதும் அப்படியே விடிலிக்கு அழைத்துப் போய், கொதிக்கும் சட்டியையும், பாகாகும் முன் எடுக்கும் கூப்பனியையும், அன்று ஊற்றிய கருப்பட்டியையும், போன ஆண்டுக் கருப்பட்டியையும், பனங்கற்கண்டையும் ஒவ்வொரு சிட்டிகை சுவைக்கக் கொடுக்கலாம். சீனிக் கருப்பட்டி ஒன்றையும் பக்கத்திலேயே உடைத்து வைத்தால், அதற்குப் பிறகு அவரைக் கடைக்காரர் ஏமாற்ற முடியாது.

அந்த ரிஃப்ராக்டோமீட்டரும் ஒன்று வேண்டும். நல்ல பதநீரில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினான்கு பங்கு வரை சர்க்கரை இருக்கும். சாக்கரின் தண்ணீரை அதில் விட்டால் கோடு ஏறவே ஏறாது. பார்ப்பவர் கண்ணாலேயே கண்டுகொள்வார். சீனி கரைத்த தண்ணீரிடம் மட்டும் அந்தக் கருவி ஏமாந்துபோகும். அங்கே சித்தியின் நாக்குதான் சாட்சி. அதனால்தான், விளக்கம் சொல்லும் வேலைக்கு வெளியிலிருந்து படித்தவர்களைக் கொண்டுவந்து நிறுத்தக் கூடாது என்று வலியுறுத்துகிறேன். கருப்பட்டி காய்ச்சும் பெண்களே அந்த மேசைக்குப் பின்னால் நிற்க வேண்டும். அவர்களுக்கு ஒரு நாள் கூலியாக இல்லாமல் மாதச் சம்பளமாகக் கொடுக்க வேண்டும். அவர்களுடைய மகள்களோ பேத்திகளோ பக்கத்தில் நின்று பழக வேண்டும். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு மரம் ஏறுகிறவருக்குப் போக வேண்டும். பனைமரத் தொழிலாளர் நல வாரியமும், பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்களும், மாவட்டச் சுற்றுலா அலுவலகமும் உட்கார்ந்து பேசினால் ஒரு பருவத்துக்குள் இதைத் தொடங்கிவிடலாம்.

யார் காசு கொடுத்து இதற்கெல்லாம் வருவார்கள் என்று எங்கள் ஊரிலேயே சிலர் கேட்டார்கள். நாசிக்கில் அந்த மேசையைச் சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூட அந்த ஊர்க்காரர் இல்லை. மும்பையிலிருந்தும் சூரத்திலிருந்தும் வந்திருந்தார்கள். ஒரு பொருளைப் பற்றி அதைச் செய்தவரே பக்கத்தில் நின்று சொல்லக் கேட்பதற்கு மனிதர்கள் தொலைவிலிருந்தும் வருகிறார்கள் என்பதை நான் என் கண்ணால் கண்டேன்.

என் தந்தையார் விட்டுப்போன விளையில் இன்னும் 40 பனைகள் நிற்கின்றன. அவற்றில் 18 மரங்களை ஒருவர் குத்தகைக்கு ஏறுகிறார். தாயார் காய்ச்சிய விடிலியின் மண்சுவரும் அடுப்பும் அப்படியே இருக்கின்றன. அந்த இடத்தை இக்காரியத்துக்கு வாடகை இல்லாமல் கொடுக்க நானும் என் தம்பியும் சம்மதிக்கிறோம். கூரைக்கு மட்டும் புதிதாக ஓலை வேய வேண்டும். தை பிறந்து பாளை சீவத் தொடங்குவதற்குள் அதை நாங்களே முடித்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
திசையன்விளை வட்டம்,
திருநெல்வேலி மாவட்டம்.